வாய் கோணினால் முதலில் கண்ணைக் காப்பாற்றுங்கள்

தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியற்காலை. பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வலது ஓரமாக வழிந்து கழுத்தில் இறங்கியது. சரி, தூக்கக் கலக்கம் என்று முகத்துக்குச் சோப்புப் போட்டேன். வலது கண்ணுக்குள் சோப்பு நேராகப் போய் எரிந்தது. அந்தக் கண் மூடவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் வலது பாதி இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. நெற்றிச் சுருக்கம் இல்லை, கன்னத்துக் கோடு இல்லை, வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு நாளாக வலது காதுக்குப் பின்னால் ஒரு வலி இருந்தது. தலையணை சரியில்லை என்று அதை விட்டுவிட்டிருந்தேன்.

ரங்கூனில் பஸுண்டௌங் பக்கம், நாலாவது மாடி வீடு எங்களுடையது. வீட்டிலேயே தையல் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று நாத்தனார்தான் முதலில் பார்த்தாள். "அண்ணி, கொஞ்சம் சிரிச்சுக் காட்டுங்க" என்றாள். சிரித்தேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கீழ் மாடி பர்மிய அக்கா ஓடி வந்து பார்த்து "லே ப்யத்" என்றார். லே என்றால் காற்று, ப்யத் என்றால் வெட்டுவது. நம்மவர்கள் முகவாதம் என்கிறோம். வாதம் என்றாலும் காற்றுதான். இரண்டு மொழியும் காற்றின் மேலேயே பழி போடுவதால் எல்லோருக்கும் உடனே தோன்றுவது தைலம், சூடு, ஜன்னலைச் சாத்து என்பதுதான். எனக்கும் அன்று மாலை வரை அதுதான் நடந்தது. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து விரதம் இருந்ததால் வந்தது என்று எங்கள் மாமியார் இன்றும் நம்புகிறார். அவர் மனம் நோகப் பேசவில்லை. ஆனால் எனக்கு வந்ததற்குக் காரணம் விரதமும் இல்லை, குளிர் தண்ணீரும் இல்லை.

அடுத்தவர் யாருக்காவது இப்படி வந்தால் அந்த முதல் நாள் வீணாகிவிடக் கூடாது என்பதற்காக, நான் கற்றுக்கொண்டதை முறையாக எழுதி வைக்கிறேன்.

முதல் ஐந்து நிமிடம்

வாய் கோணியதும் பயப்பட வேண்டிய பெரிய விஷயம் மூளைப் பக்கவாதம். ஆகவே முதலில் அதைப் பாருங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா? ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். வார்த்தை கிடைக்காமல் தடுமாறுகிறாரா? நீங்கள் சொல்வது அவருக்குப் புரியாமல் போகிறதா? நடை தள்ளாடுகிறதா, திடீரென்று தாங்க முடியாத தலைவலியா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். டாக்ஸி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சுமார் 4½ மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அடுத்தது நெற்றி. புருவத்தை மேலே தூக்கச் சொல்லுங்கள். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளைப் பக்கவாதத்தில் பெரும்பாலும் வாய் கோணும், நெற்றி சுருங்கும். முக நரம்பே அடிபட்டிருந்தால் அந்தப் பக்க நெற்றியும் அசையாது, கண்ணும் மூடாது. எனக்கு நெற்றியும் சேர்ந்து செத்த மாதிரி கிடந்தது. பார்க்க அதுதான் கோரமாக இருக்கும், ஆனால் அது நல்ல சேதி. இருந்தாலும் இந்த நெற்றிக் கணக்கை வைத்து நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. அன்றைக்கே டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

உள்ளங்கையின் அடிப்பாகத்தைக் காதுக்குக் கீழே வைத்து, ஐந்து விரலையும் முகத்தின் மேல் விரித்துப் பாருங்கள். முக நரம்பு அப்படித்தான் விரிகிறது: ஒன்று நெற்றிக்கு, ஒன்று கண்ணுக்கு, ஒன்று கன்னத்துக்கும் மேலுதட்டுக்கும், ஒன்று கீழுதட்டுக்கும் தாடைக்கும், ஒன்று கழுத்துக்கு. மூளையிலிருந்து வரும் நரம்புகளில் ஏழாவது இது. வெளியே வருவதற்கு முன்னால் காதெலும்புக்குள் ஒரு குறுகலான குழாய் வழியாக வருகிறது. அந்தக் குழாய்க்குள் நரம்பு வீங்கினால் விரிய இடம் இல்லை. எலும்பு நெருக்க, நரம்பு நசுங்கி வேலை நிறுத்திவிடுகிறது. இதை விவரித்து எழுதிய ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் பெல்லின் பெயரால் டாக்டர்கள் பெல்ஸ் பால்ஸி என்கிறார்கள். வீக்கம் ஏன் வருகிறது என்பதற்கு, சின்ன வயதில் உடம்புக்குள் வந்து தூங்கிக் கிடக்கும் ஹெர்ப்பீஸ் வைரஸ் மறுபடி விழிப்பதே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். உதட்டோரம் கொப்புளம் போடுகிற அதே வைரஸ்தான். ஆண்டுக்கு லட்சம் பேரில் 20 முதல் 30 பேருக்கு வருகிறது. கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில், மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும். சர்க்கரை நோய் இருந்தாலும் வாய்ப்பு அதிகம்.

இந்த நரம்பு வாயையும் கண்ணையும் மட்டும் பார்ப்பதில்லை. காதுக்குள் சத்தத்தை மட்டுப்படுத்தும் ஒரு சின்னத் தசையும் இதன் கையில்தான் இருக்கிறது. பூசத்தன்று கோயில் மணி அடித்தபோது வலது காதுக்குள் யாரோ தகரத்தில் அறைந்த மாதிரி இருந்தது; மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு ருசி அறிவிப்பதும் இதுதான். மொகிங்கா என்ற பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டால் ஒரு பக்கம் மீன் குழம்பு, மறுபக்கம் வெந்நீர். இதெல்லாம் புது நோய் ஒன்றும் இல்லை, அதே ஒரு நரம்புதான் என்று தெரிந்திருந்தால் நான் பாதி இரவு விழித்துக் கிடந்திருக்க மாட்டேன்.

72 மணி நேரம்

முதல் நாள் நான் போன ஒரு கிளினிக்கில் சத்து ஊசி ஒன்று போட்டு, காற்றுப் படாமல் இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஊசியால் கெடுதல் இல்லை. போனது ஒரு நாள். மறுநாள் நாத்தனார் விடாமல் இழுத்துக்கொண்டு போய் நரம்பு டாக்டரிடம் உட்கார வைத்தாள். அந்த ஸயாமா (பெண் டாக்டரைப் பர்மியர் இப்படித்தான் அழைப்பார்கள்) என் நெற்றியைப் பார்த்தார், கண்ணை மூடச் சொன்னார், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், பிரஷரும் சர்க்கரையும் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "எப்போது ஆரம்பித்தது, மணி சொல்லுங்கள்."

காரணம் இதுதான். வீக்கத்தைக் குறைக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை, ஆரம்பித்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். 2007இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்றில் இந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒன்பது மாதத்தில் நூற்றுக்கு 94 பேர் முழுதாகத் தேறினார்கள். சாப்பிடாதவர்களில் 82 பேர். ஒன்றும் செய்யாமலே பலர் தேறுகிறார்கள் என்பதும் இதில் தெரிகிறது. வைத்தியமே வேண்டாம் என்பவர்கள் அந்த 82ஐக் காட்டுவார்கள். மீதி 18ல் நாம் இருப்போமா என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் மாத்திரை சாப்பிடுவதே சரி.

எனக்கு ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம், பத்து நாள். 5 மில்லிகிராம் மாத்திரைதான் கிடைத்தது, ஆக காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து மாத்திரை ஒன்றாக. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடையில் நேராகப் போய் வாங்காதீர்கள். நம் ஊரில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், பிரஷரை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும். முன்பு காசநோய் வந்திருந்தாலோ, மஞ்சள் காமாலை பி வைரஸ் உடம்பில் இருந்தாலோ, அடங்கிக் கிடப்பதை அது கிளப்பிவிடலாம். இரண்டும் இந்த நாட்டில் நிறையப் பேருக்கு இருக்கின்றன. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை, பசி மட்டும் வந்தது. மாத்திரை முடிந்ததும் இரண்டும் சரியாயின.

வைரஸை அடக்கும் மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் பயனில்லை. ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுப்பதை டாக்டர் முடிவு செய்வார். ஒன்றை மட்டும் நீங்களே பாருங்கள். காது மடலிலோ காதுக்குள்ளோ கொப்புளம், கடுமையான வலி, தலைசுற்றல், காது மந்தம் இருந்தால் அது அக்கி வைரஸ் தாக்கிய வேறு வகை. அதற்கு வைரஸ் மருந்து அவசியம், சீக்கிரமாகவும் வேண்டும். முடியை ஒதுக்கிக் காதின் பின்பக்கமும் பார்த்துவிடுங்கள்.

கண்

வீட்டுக்கு வந்தவர் அத்தனை பேரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். நானும் கண்ணாடியில் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸயாமா வாயைப் பற்றி இரண்டு வார்த்தைதான் பேசினார். கண்ணைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். வாய் மெல்லத் தானாகத் திரும்பும். மூடாத கண்ணின் கருவிழி காய்ந்து புண்ணாகித் தழும்பு விழுந்தால், முகம் நேரான பிறகும் பார்வை திரும்பாது.

கண்ணை மூட முயன்றால் கருமணி மேலே உருண்டு வெள்ளை மட்டும் தெரியும். என் சின்ன மகன் அதைப் பார்த்து அலறினான். அது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான், இமை மூடியிருப்பதால் தெரிவதில்லை. கருவிழியை ஒளித்துக் காப்பாற்ற உடம்பு செய்கிற ஏற்பாடு.

பகலில் கண்ணீர்ச் சொட்டு மருந்து, மணிக்கு ஒரு முறை. கண் காயும்வரை காத்திருக்கக் கூடாது. இடையிடையே விரல் நுனியால் மேல் இமையை மெதுவாகக் கீழே இறக்கி மூடித் திறங்கள். அதுதான் உங்கள் சிமிட்டல். வெளியே போனால் கண்ணாடி, பவர் இல்லாவிட்டாலும் சரி. சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் போகும்போது தூசிக்கு நான் கணவருடைய பெரிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசுகிறவர்கள் அந்தக் கன்னத்தில் மேலே பூச வேண்டாம். காய்ந்து உதிரும் தூள் கண்ணுக்குள் விழும். அடுப்புப் புகை, மிளகாய் வதக்கும் நெடி இரண்டிலிருந்தும் தள்ளி நில்லுங்கள்.

அப்புறம் இரவு. இது கொஞ்சம் கை பழக வேண்டிய வேலை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீழ் இமையை விரலால் இறக்கினால் சின்னப் பள்ளம் தெரியும். கண் களிம்பை அதில் அரிசி நீளத்துக்கு இரண்டு மடங்கு போல வையுங்கள். குழாயின் மூக்கு கண்ணில் படக்கூடாது. மேல் இமை முடியைப் பிடித்துக் கீழே இழுத்து இமையை முழுக்க மூடுங்கள். பக்கத்தில் இருப்பவரை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: வெள்ளைக் கோடு ஒன்றும் தெரியக் கூடாது. பிறகு காகித டேப்பை, காயத்துக்கு ஒட்டுவார்களே அந்த மெல்லிய டேப்பை, மேல் இமையிலிருந்து கன்னத்துக்கு ஒட்டுங்கள். இமை அரைகுறையாகத் திறந்திருக்கும்போது மேலே பஞ்சோ துணியோ வைத்துக் கட்டுவது மிகத் தப்பு; அது கருவிழியில் உரசிக் கீறும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் டேப்பை நனைத்து, கன்னப் பக்கமிருந்து மெல்ல உரியுங்கள்.

கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர் இது. நான் பட்டதைச் சொல்கிறேன். மாசி மாதம், புழுக்கம். கரண்ட் இல்லாமல் படுத்தேன், டேப் வியர்வையில் கழன்றிருக்கிறது. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து ஃபேன் தானாகச் சுற்றி, விடியும்வரை முகத்தில் நேராக அடித்திருக்கிறது. காலையில் கண் சிவந்து, மணல் கொட்டிய மாதிரி உறுத்தல், வெளிச்சம் பார்க்க முடியவில்லை. அன்றே கண் டாக்டரிடம் ஓடினேன். பச்சைச் சாயம் காட்டும் விளக்கில் பார்த்து, கருவிழியில் மேலாக ஒரு சிராய்ப்பு என்றார். நாலு நாளில் ஆறியது. படுக்கும்முன் ஃபேன் சுவிட்சை நிறுத்துங்கள், அல்லது கால் பக்கம் திருப்பி வையுங்கள். கண்ணில் வலி, சிவப்பு, மங்கல், கூச்சம் இந்த நாலில் எது வந்தாலும் அன்றே காட்ட வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

சாப்பாடும் பேச்சும்

நல்ல பக்கம் மெல்லுங்கள். செயலிழந்த பக்கம் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே சோறு தங்கும், லாப்பே தோக் என்ற தேயிலைச் சாலட் சாப்பிட்டால் தேயிலைத் துணுக்கு முழுக்க அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் விரலால் துழாவிக் கொப்பளியுங்கள். டீ குடிக்கும்போது உதட்டோரத்தை விரலால் சேர்த்துப் பிடித்தால் ஒழுகாது.

பேச்சில் என்னைப் பிடித்து நிறுத்தியவை ப, ம. இரண்டு உதடும் ஒட்டினால்தான் அவை பிறக்கும். பிள்ளைகளுக்கு 'பாப்பா' என்று சொன்னால் காற்று வலது ஓரத்தில் புஸ்ஸென்று போனது. மூன்று ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை. நாலாவது ஞாயிறு போனேன். ஒரு சின்னப் பெண் வந்து, "டீச்சர், என் மேல கோபமா?" என்று கேட்டாள். பாதி முகம் சிரிக்காததைக் கோபம் என்று நினைத்திருக்கிறாள். பிள்ளைகளை உட்கார வைத்து, டீச்சருக்கு முகத்தில் ஒரு நரம்பு வீங்கியிருக்கிறது, ஒட்டாது, மெல்லச் சரியாகும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. உங்கள் பக்கத்தில் இருப்பவர்களிடமும் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு ஒளிந்திருந்த அந்த மூன்று வாரம்தான் எனக்கு மிகக் கனமாக இருந்தது.

உயிரெழுத்துப் பயிற்சி

அசைவே இல்லாத முதல் நாட்களில் முகத்தை வருத்தாதீர்கள். பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு, முகத்தைப் பலமாகச் சுளி என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வேண்டாம். நல்ல பக்கம்தான் மேலும் பலமாகி, வாயை இன்னும் தன் பக்கம் இழுக்கும். கரண்ட் வைக்கும் மெஷினையும் நான் தொடவில்லை; அதில் நன்மை உண்டு என்று உறுதியாகத் தெரியவில்லை, பணம் போகும். காதுக்குப் பின்னால் இதமான வெந்நீர்த் துணி, விரல் நுனியால் கன்னத்தை மேல்நோக்கி மெதுவாக வட்டமாகத் தேய்ப்பது, இவை போதும்.

பெரும்பாலானவர்களுக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஒரு அசைவு தெரியும். எனக்குப் பதினெட்டாம் நாள் மூக்கின் ஓரம் துளி ஆடியது. அதன் பிறகுதான் பயிற்சி, கண்ணாடி முன்னால், காலையும் மாலையும் பத்து நிமிடம். எனக்குத் தெரிந்த எழுத்தையே எடுத்துக்கொண்டேன். ஈ என்றால் உதட்டோரம் பின்னால் போக வேண்டும். ஊ என்றால் குவிய வேண்டும். ஆ, ஓ, பிறகு ம் என்று மூடி நிறுத்துவது, கடைசியில் ப. ஒவ்வொன்றும் ஐந்து முறை, மிக மெதுவாக. இரண்டு பக்கமும் ஒரே அளவு போகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். நல்ல பக்கம் முந்தினால் அதை விரலால் பிடித்து நிறுத்துங்கள். களைத்தால் விட்டுவிடுங்கள்.

நசுங்கிய நரம்பு வீக்கம் வடிந்ததும் சில வாரத்தில் எழுந்துகொள்ளும். இழை அறுந்து புதிதாக வளர வேண்டியிருந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால்தான் மாதக்கணக்கு. வளரும்போது வழி மாறவும் மாறும். கீழ் வீட்டு சுவிட்சைப் போட்டால் மேல் வீட்டு பல்ப் எரிகிற மாதிரி, வாயைக் குவித்தால் கண் சுருங்கும், சாப்பிடும்போது கண்ணில் நீர் வடியும். ஊ சொல்லும்போது கண்ணையும் கவனியுங்கள். அது சுருங்க ஆரம்பித்தால் ஊவைச் சிறியதாக்கி, கண் அகலமாகத் திறந்திருக்கும் அளவுக்குள் பழகுங்கள். பலமாகப் பயிற்சி செய்தால் இந்தக் கோளாறு கூடும். எனக்கு இன்னும் துளி இருக்கிறது. பார்ப்பவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இதற்கெனப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டும், தேவைப்பட்டால் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியும் உதவும்.

மூன்று மாதம் தாண்டியும் ஒரு அசைவும் இல்லை, கோணல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, இரண்டு பக்கமும் விழுகிறது, அல்லது அதே பக்கம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் வேறு காரணம் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

சித்திரைப் பிறப்பும், பர்மியர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் புத்தாண்டான திங்யானும் சேர்ந்து வந்தபோது எனக்கு இரண்டரை மாதம் ஆகியிருந்தது. மகன் வாளித் தண்ணீரோடு வந்தான். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு ஊற்றச் சொன்னேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தாள். மத்தியானம் ஆரம்பித்ததாம். கையை நீட்டச் சொன்னேன், இரண்டும் நிலையாக நின்றன. பேச்சு தெளிவாக இருந்தது. கர்ப்பிணி என்பதால் பிரஷரைப் பார்க்காமல் இரவைக் கடத்த மனமில்லை. பக்கத்துத் தெரு டாக்டரிடம் உடனே கூட்டிப் போனோம். பிரஷர் சரியாக இருந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு, பிரசவம் பார்க்கும் டாக்டரும் நரம்பு டாக்டரும் பேசி மாத்திரையை முடிவு செய்யட்டும், காலையில் முதல் வேலையாகப் போங்கள் என்று கடிதம் கொடுத்து, கண்ணுக்குக் களிம்பும் எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து அவளைப் பாயில் படுக்க வைத்தேன். அவள் புருஷன் டார்ச் பிடித்தான். களிம்பை வைத்து, இமையை இறக்கி, வெள்ளை தெரிகிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லி, டேப்பை ஒட்டிக் காட்டினேன். பிறகு அதை உரித்துவிட்டு, இப்போது நீ ஒட்டு என்று அவன் கையில் கொடுத்தேன்.